கார்விங் பலகை முன்காலருகே முறிகிறது: பொருத்தமான பைண்டிங் எது?

சூர்_குமரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சுவிட்சர்லாந்தில், கிராவுபுண்டன் மாநிலத்தில் வசிக்கிறேன். குளிர்காலத்தில் அரோசா, லென்ஸர்ஹைடே பகுதியின் சரிவுகளில், இரவில் இயந்திரம் சீர்செய்த பனி இன்னும் கலையாத காலை வேளையில் ஹார்ட்பூட் எனும் கடினமான பூட்ஸ் அணிந்து ஸ்னோபோர்டில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், கார்விங் செய்வதே என் விருப்பம். மென்மையான பூட்ஸும் அகலமான பலகையும் கொண்டு சறுக்குவோர் நம்மவரில் பலர் இருக்கிறார்கள். ஆனால் இடை ஒடுங்கிய நீண்ட பலகையில், இரு பாதங்களையும் பலகையின் முன்முனையான மூக்கை நோக்கித் திருப்பி வைத்து, எஃகு விளிம்பு ஒன்றின் மேலேயே முழுத் திருப்பத்தையும் செதுக்கிச் செல்லும் இந்த முறையைப் பற்றித் தமிழில் கேட்டறிய இடம் அரிது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் எடை 86 கிலோ. பூட்ஸ், உடை, தலைக்கவசம் எல்லாம் சேர்த்தால் 95 கிலோ வரும். பூட்ஸின் அளவு மொண்டோ 27.5. முன்காலை 60 பாகையிலும் பின்காலை 57 பாகையிலும் வைத்திருக்கிறேன். முன்காலில் விரல் பக்கமும் பின்காலில் குதிகால் பக்கமும் 6 பாகை உயர்த்தப்பட்டிருக்கின்றன. பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் முழுவதும் அலுமினியத்தில் கடைந்து செய்யப்பட்டது. அதில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ எங்கும் இல்லை. கையால் முறுக்கிப் பார்த்தால் இம்மியும் அசையாது.

இந்த பைண்டிங்கைப் பூட்டியிருந்த கண்ணாடியிழைப் பலகை சென்ற குளிர்காலத்தில் முன்காலுக்கு முன்னால் முறிந்தது. அதன்பின் வாங்கிய, டைட்டனால் என்னும் அலுமினியக் கலப்புலோகத் தகடு வைத்த பலகையும் இந்தக் குளிர்காலத்தில் முன்காலருகே மடிந்துவிட்டது. இரண்டுமே நல்ல பெயர் உள்ள பலகைகள். என் எடைக்கு உரியவை என்று சொல்லியே விற்கப்பட்டவை. இரண்டிலும் மாறாமல் இருந்தது பைண்டிங்தான் என்பதால் என் ஐயம் அதன்மேல் திரும்பியிருக்கிறது. கடைக்காரரோ, உங்கள் எடைக்கு இதைவிட வலுவான பைண்டிங் வேண்டும் என்கிறார். உடன் சறுக்கும் நண்பர் ஒருவர், அந்த வலுதான் பலகையைக் கொல்கிறது என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. இறுக்கமான பைண்டிங் உண்மையில் பலகையை முறிக்குமா? அப்படியானால் என் எடையுள்ள ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பது? முன்னும் பின்னும் கம்பி வளையம் மாட்டும் வகை நல்லதா, குதிகாலை மிதித்தால் தானே பூட்டிக்கொள்ளும் ஸ்டெப்-இன் வகை நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகுந்த உதவியாக இருக்கும்.

ஒன்ராறியோ_வன்னியன்:

வணக்கம் குமரன். பைண்டிங்கின் பெயரைச் சொல்லுவதற்கு முன், முறிந்த இரண்டு பலகைகளையும் எடுத்து மேசைமேல் வைத்து, முறிவு எங்கே தொடங்கியிருக்கிறது என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முறிவு இருக்கும் இடம் அதன் காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் பைண்டிங்கை மாற்றினால், மூன்றாவது பலகையும் அதே வழியில் போகக்கூடும்.

முதலில் நீங்கள் பலகைமேல் ஏற்றும் சுமை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பத்தின் நடுவில் நீங்கள் சமநிலையில் சாய்ந்திருக்கும்போது பலகை தாங்கும் சுமை, உங்கள் எடையைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் வருவது. 45 பாகையில் அது எடையின் 1.4 மடங்கு, 60 பாகையில் சரியாக இரண்டு மடங்கு. அதாவது 95 கிலோ 190 கிலோவாகிறது. இதற்குப் பெரிய வேகமும் தேவையில்லை. பக்க வளைவின் ஆரை 11 மீட்டர் உள்ள பலகையை 60 பாகை சாய்க்க மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகமே போதும். இது வழவழப்பான பனியில் வரும் கணக்கு. மதியத்துக்குப் பின் மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போன பனிக்குவியலில் மூக்கு மோதும் அந்த ஒரு கணத்தின் சுமை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி முறிவைப் படிக்கும் விதம். முன் பைண்டிங்குக்கு ஒரு சாண் அளவு முன்னால், பலகையின் மேல்பரப்பில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்திருந்தால், மூக்கு எதிலோ மோதி மேல்நோக்கி அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது என்று பொருள். மூக்கு மேலே வளையும்போது அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுக்கப்படும். கண்ணாடியிழை இழுவிசையை நன்றாகத் தாங்கும்; அமுக்கத்தில் அதைவிடச் சீக்கிரம் தோற்றுவிடும். அதனால்தான் முறிவு மேல்பக்கத்தில் தொடங்குகிறது. இந்த வகை முறிவில் பைண்டிங்கின் பங்கு குறைவு. உடலின் பாரம் எவ்வளவு முன்னால் இருந்தது, பைண்டிங் எந்தத் துளைகளில் பூட்டப்பட்டிருந்தது, பனி எப்படி இருந்தது ஆகியவையே பெரிது.

முறிவு பைண்டிங்கின் வட்டத் தட்டின் ஓரத்தை ஒட்டியோ, பூட்ஸின் விரல் முனையைப் பிடிக்கும் முன்பிடி பலகையில் அழுந்தும் இடத்தை ஒட்டியோ தொடங்கியிருந்தால் அது வேறு கதை. பலகை வில்லாக வளைய முயல்கிறது. அதன் நடுவில் வளையாத ஓர் உலோகக் கட்டியை நீங்கள் பூட்டியிருக்கிறீர்கள். கட்டி முடியும் கோட்டில், வளையாத பகுதிக்கும் வளையும் பகுதிக்கும் நடுவே வளைவு திடீரென்று மாறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதே கோடுதான் அடி வாங்குகிறது. உங்கள் நண்பர் சொல்லுவது இந்த முறிவுக்குப் பொருந்தும்.

வெடிப்பு போல்ட் துளைகளின் வழியே போயிருந்தாலோ, பலகைக்குள் புதைத்திருக்கும் மரைக்குழிகள், அதாவது இன்சர்ட்டுகள், மரத்தையும் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருந்தாலோ போல்டின் நீளத்தைச் சந்தேகியுங்கள். அவை எம்6 மரைகள். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகும். பைண்டிங்கையும் தட்டையும் வைத்து போல்ட்டைச் செருகி, மரை பிடித்த கணத்திலிருந்து அது முற்றாக அமரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் எத்தனை மில்லிமீட்டர் பிடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆறு சுற்றுக்குக் குறைந்தால் எனக்கு நிம்மதி இருக்காது. சாய்வுத் தட்டைக் கனமானதாக மாற்றுகிறவர்கள் பழைய போல்ட்டையே போட்டுவிடுவது உண்டு. உயரம் கூடக் கூடப் பிடிமானம் குறைகிறது என்பதை அப்போது யாரும் கவனிப்பதில்லை. மாறாக, போல்ட் நீளம் மிகுந்தால் அது அடித்தளத்தை உள்ளிருந்து முட்டித் தள்ளி, மெழுகு பூசும் பக்கத்தில் சிறு மேடு தெரியும். அதுவும் கேடுதான்.

ஆகவே எனக்குத் தேவையான விவரங்கள்: ஒவ்வொரு பலகையிலும் முறிவு முன்பிடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது, மேல்பக்கம் மடிந்திருக்கிறதா அடிப்பக்கம் பிளந்திருக்கிறதா, பைண்டிங் துளைவரிசையில் எங்கே பூட்டப்பட்டிருந்தது, பூட்ஸின் கணுக்கால் பகுதி பூட்டி வைக்கப்பட்டதா அல்லது அசையும்படி விடப்பட்டதா. இவற்றை எழுதுங்கள்.

சூர்_குமரன்:

மிக்க நன்றி, அண்ணா. இரண்டு பலகைகளையும் அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கண்ணாடியிழைப் பலகையில் முறிவு முன்பிடியின் முனையிலிருந்து 17 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே மேல்தாளில் குறுக்காக ஒரு மடிப்பு, அதன் கீழே மரம் நொறுங்கியிருக்கிறது, அடித்தளம் கிழியவில்லை. வசந்த காலத்து மதியம், பனி இளகிக் குவியத் தொடங்கிய நேரத்தில் அது நடந்தது. டைட்டனால் பலகையில் நிலைமை வேறு. அது இரண்டாக முறியவில்லை. வட்டத் தட்டின் முன் ஓரத்தை ஒட்டி, விரல் வைத்தால் உணரக்கூடிய ஒரு வளைவு நிரந்தரமாக விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் எஃகு விளிம்பும் சற்றே உரிந்திருக்கிறது. விழுந்ததாகவோ மோதியதாகவோ நினைவில்லை. பைண்டிங்கைக் கழற்றியபோதுதான் கண்டேன்.

இரண்டு பலகைகளிலும் முன் பைண்டிங் முன்வரிசைத் துளைகளிலேயே பூட்டப்பட்டிருந்தது. அகன்ற நிற்பு, அதாவது இரு கால்களுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி, எனக்கு வசதியாக இருப்பதே காரணம். பூட்ஸின் கணுக்கால் பூட்டு எப்போதும் பூட்டியே இருக்கும். போல்ட்டுகள் ஏழு சுற்றுப் பிடிக்கின்றன.

மலர்விழி_டாவோஸ்:

வணக்கம் தம்பி. நான் பனிச்சறுக்குக் கருவிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டு பலகைகளும் இரண்டு வேறு காரணங்களால் போயிருக்கின்றன. ஒரே பைண்டிங் இருந்ததால் ஒரே காரணம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 17 சென்டிமீட்டர் முன்னால் மேல்பக்கம் மடிந்த பலகைக்கும், தட்டின் ஓரத்தில் வளைந்த பலகைக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதற்பலகையை எடுத்துக்கொள்வோம். நிற்பை அகலமாக்க முன் பைண்டிங்கை முன்வரிசைக்குக் கொண்டுபோனதால், உங்கள் பாதத்துக்கு முன்னால் மீதமிருக்கும் மூக்கு குறுகிவிட்டது. இளகிய பனியில் மூக்கு புதைந்தபோது உடல் முன்னோக்கி எறியப்படுகிறது. கணுக்கால் பூட்டியிருப்பதால் முழங்கால் முதல் விரல் வரை உங்கள் கீழ்க்கால் நீண்ட கடப்பாரைபோல் ஆகி, அந்தத் தள்ளுவிசை முழுவதையும் குறுகிய மூக்கின்மேல் ஏற்றுகிறது. பாதம் 60 பாகையில் ஏறத்தாழப் பலகையின் நீளவாக்கிலேயே இருப்பதால், மென்மையான பூட்ஸில் குறுக்காக நிற்பவருக்கு வராத இந்த ஆபத்து நமக்கு வருகிறது. இதற்குப் பைண்டிங்கைக் குறை சொல்லி மாற்றினாலும் மூக்கு மறுபடி மடியும்.

இங்கே செய்ய வேண்டியது, நிற்பின் அகலத்தை வைத்துக்கொண்டே இரண்டு பைண்டிங்குகளையும் ஒரு துளைவரிசை பின்னால் நகர்த்துவது. பின்னால் இடமில்லை என்றால் நிற்பைச் சற்றுக் குறைப்பதே நல்லது. 6 பாகைச் சாய்வுத் தட்டுகள் கணுக்காலின் வேலையைச் செய்வதால் அகலம் கொஞ்சம் குறைந்தாலும் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது. அடுத்தது கணுக்கால். பூட்ஸின் பின்புறத்தில் பூட்டுக்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்தும் தொகுதிகள் விற்கப்படுகின்றன. பாம்பர் நிறுவனத்தின் பி.டி.எஸ். அவற்றுள் நெடுநாள் அறியப்பட்டது. வில்லின் கடினத்தை எடைக்கேற்ப மாற்றலாம். மூக்கு மோதும்போது கணுக்கால் சிறிது மடங்கி அந்த அதிர்ச்சியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். பட்டறைக்கு வரும் மூக்கு மடிந்த பலகைகளின் சொந்தக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்களின் பூட்ஸைப் பற்றித்தான்.

இரண்டாம் பலகை முழுக்க முழுக்கப் பைண்டிங்கின் கதை. டைட்டனால் பலகையில், இடையே எதுவுமில்லாமல், அசையாத அலுமினிய பைண்டிங்கை நேரே பூட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வலு என்றால் முறியாமல் இருப்பது மட்டும் என்று நினைத்துத்தான் கடைக்காரர் உங்களுக்கு அந்த ஆலோசனையைச் சொல்லியிருப்பார். பைண்டிங் முறியாமல் இருக்க வேண்டும் என்பது உண்மை. அதைவிடக் கூர்ந்து கேட்க வேண்டியது, அது தன் கீழே பலகையை வளைய விடுகிறதா என்பது.

அந்த அளவுகோலில் சந்தையில் கிடைப்பவற்றைப் பார்த்தால், ஐரோப்பாவில் எளிதாகக் கிடைக்கும் எஃப்2 நிறுவனத்தின் ஹார்ட்பூட் பைண்டிங்குகளில் ஓரளவு இளக்கம் உண்டு. பாதத்துக்குப் பக்கவாட்டிலும் சிறிது அசைவு தரும். முற்றிலும் இறுக்கமான பைண்டிங்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் சில சறுக்கல்களில் பலகை தாமதமாகத் திரும்புவதுபோல் தோன்றும். உடல் அதற்குப் பழகியபின், கரடுமுரடான பனியில் விளிம்பு தாவாமல் பிடித்துக்கொண்டு செல்வது தெரியவரும். பாம்பரின் டி.டி.3 அமெரிக்காவில் கடைந்து செய்யப்படும் கனமான அலுமினிய பைண்டிங். ஆனால் அதன் அடியில் மீள்தன்மையுள்ள வளையம் ஒன்று வைக்கப்பட்டிருப்பதால், உங்களிடம் இருப்பதுபோல் உலோகம் நேரே பலகையில் அமர்வதில்லை. 0, 3, 6 பாகைச் சாய்வுத் தட்டுகள் உண்டு. சைட்வைண்டர் என்னும் அதன் மற்றொரு வடிவத்தில் பிடிகள் பக்கவாட்டில் அசையும். முழங்காலில் வலி உள்ளவர்கள் அதை விரும்புகிறார்கள்.

உங்கள் எடைக்கு என் தெரிவு இது: தகடு வைத்த பலகையே வேண்டும் என்றால் எஃப்2 வகை, கண்ணாடியிழைப் பலகைக்குத் திரும்புவதானால் டி.டி.3. எடை குறைந்தவராக இருந்திருந்தால் எல்லாப் பலகைக்கும் எஃப்2 என்று சொல்லியிருப்பேன். 86 கிலோவில் 60 பாகை சாய்கிறவருக்கு மிக இளகிய மலிவான பிளாஸ்டிக் பைண்டிங் கூடாது. பலகையைக் காப்பாற்றப் போய்க் காலை இழக்க முடியாது. நம் பைண்டிங்குகள் பனிச்சறுக்குக் கட்டைகளின் பைண்டிங்போல விழும்போது தானே கழல்வதில்லை. வேகத்தில் ஒரு கால் மட்டும் விடுபட்டு மற்றக் கால் பலகையோடு மாட்டியிருந்தால், முறுகுவது அந்த முழங்கால்.

உரிந்த விளிம்பையும் வளைந்த தகட்டையும் பற்றி ஒரு வார்த்தை. யாராவது பசை ஊற்றி இறுக்கித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலடுக்கு மட்டும் உரிந்த பலகையை மெதுவாக இறுகும் எப்பாக்சி வைத்து நாங்கள் ஒட்டித் தருகிறோம். அது நன்றாகவே நிற்கும். குறுக்காக மடிந்த பலகையை ஒட்டிக் கார்விங்குக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டோம்.

மியூனிக்_பொறியாளன்:

மலர்விழி அக்கா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். உலோகப் பொருட்களே என் தொழில் என்பதால், டைட்டனால் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்; அது தெரிந்தால் பைண்டிங்கின் தெரிவும் தெளிவாகும்.

டைட்டனால் என்பது ஆஸ்திரியாவில் ரான்ஸ்ஹோஃபனில் உள்ள அமாக் நிறுவனம் உருட்டித் தரும் உறுதிமிக்க அலுமினியக் கலப்புலோகத் தகடு. அதை மரத்துக்கு மேலும் கீழும் மெல்லிய அடுக்காக ஒட்டுகிறார்கள். 2000களின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்தின் கெஸ்லர் போன்ற தயாரிப்பாளர்களின் தகட்டுப் பலகைகள் உலகக் கோப்பைப் பந்தயங்களில் வெல்லத் தொடங்கியபின் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். தகட்டின் சிறப்பு அதன் அமைதி: உறைந்த பனியில் கண்ணாடியிழைப் பலகை நடுங்கும் இடத்தில் இது நடுங்காமல் விளிம்பைப் பதித்துச் செல்லும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடியிழை முறியும் கணம் வரை மீண்டு நிமிரும். உலோகத் தகடு தன் எல்லையைத் தாண்டி வளைந்துவிட்டால் நிமிராது. வளைந்த கோடு அதற்குப்பின் ஒரு கீல்போல வேலை செய்து, அடுத்தடுத்த திருப்பங்களில் இன்னும் வளையும். குமரனுக்கு மோதியதாக நினைவில்லாததும் இதனால்தான். அது ஒரே அடியில் நடந்திருக்க வேண்டியதில்லை. அதேபோல், கொஞ்சமாக வளைந்த தகட்டுப் பலகையை இன்னும் ஓடும் என்று வைத்திருப்பதில் பொருளில்லை.

துளைகளையும் கவனியுங்கள். இழுவிசைக்கு உள்ளான அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் ஓரத்தில் தகைப்பு மற்ற இடத்தைவிட மூன்று மடங்காகிறது. இது எந்தப் பொறியியல் மாணவரும் படிக்கும் கணக்கு. கார்விங் பலகையில் ஒவ்வொரு காலின் கீழும் இத்தகைய துளைகள் வரிசையாக இருக்கின்றன. நல்ல தயாரிப்பாளர் அந்த இடத்தைக் கூடுதல் இழைகளால் வலுவாக்குகிறார். அப்படி வலுவான பகுதி முடியும் கோடும் உங்கள் பைண்டிங்கின் தட்டு முடியும் கோடும் ஒன்றாகவோ அருகருகாகவோ வந்துவிட்டால் பலகையின் மிகப் பலவீனமான இடத்தில் நீங்கள் நெம்புகோலை வைத்ததாகிறது. அடியில் மீள்தன்மையுள்ள வளையம் இருந்தால் அந்தக் கோடு கூர்மையாக இராமல் படிப்படியாக மங்குகிறது.

ஓர் இடத்தில் மட்டும் அக்காவிடமிருந்து வேறுபடுகிறேன். குமரனுக்கு அவருடைய அலுமினிய பைண்டிங் பிடித்திருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பந்தய வீரர்கள் பயன்படுத்துவதுபோல, பலகைக்கும் பைண்டிங்குக்கும் நடுவே பிரிதகடு ஒன்றைப் பொருத்தலாம். தகட்டின் ஒரு முனை அச்சில் சுழலும். மறுமுனை சுழல்வதோடு நகரவும் செய்யும். அதனால் கீழே பலகை தன் முழு நீளத்துக்கும் வில்லாக வளையலாம். மேலே நிற்பவரின் பாதங்கள் வளையாத தளத்தில் இருக்கும். தகடு வளைய வேண்டிய அவசியமே இல்லை என்பதால் அதன்மேல் எவ்வளவு இறுக்கமான பைண்டிங்கும் பொருந்தும். வாங்குவதற்கு முன் பலகையில் அதற்குரிய யு.பி.எம். துளையமைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான பைண்டிங் துளைகள் மட்டும் உள்ள பலகையில் எல்லாத் தகடுகளும் அமரா. எடை கூடும், உயரம் கூடும், விலை ஒரு புதிய பைண்டிங்கையும் தாண்டக்கூடும். பள்ளம் விழுந்த பந்தயத் தடத்தில் அது தரும் பயன் பெரிது. வாரிவிட்ட காலைப் பனியில் மட்டும் சறுக்குகிறவருக்கு அந்தச் செலவு தேவைதானா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்ராறியோ_வன்னியன்:

பிரிதகட்டைப் பற்றி எழுதியது நன்று. என் கருத்தில், குமரன் சொல்லும் சரிவுகளுக்கு அது மிகை. இன்னொரு வழியையும் எண்ணிப் பார்க்கலாம்: இங்கே ஒன்ராறியோவில் கோய்லர், கொலராடோவில் டோனெக் போன்ற சிறு பட்டறைகள், சறுக்குபவரின் எடை, பூட்ஸ் அளவு, கோணம் ஆகியவற்றைக் கேட்டு ஒவ்வொரு பலகையையும் தனியே செய்து தருகின்றன. அப்படி ஒருவரிடம் பலகை செய்யச் சொல்லும்போது எந்தப் பைண்டிங்கைப் பூட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதத்தின் கீழே எங்கே வலுவைக் கூட்டுவது என்பதை அவர் அதற்கேற்ப அமைப்பார். பைண்டிங்கை முதலில் தெரிவு செய்து பலகையைப் பின்னர் வாங்குவதே என் முறை.

ஸ்டெப்-இன் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. பலகை முறிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்டெப்-இன் பூட்ஸின் குதிகாலில் இரு பக்கமும் ஊசிகள் நீண்டு பைண்டிங்கில் மாட்டும். குனியாமல் பூட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் குதிகாலின் அடியில் பனி உறைந்திருந்தால் ஓர் ஊசி மட்டும் மாட்டி, மற்றது மாட்டாமல் இருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் இரண்டையும் கண்ணால் பார்த்து, காலைத் தூக்கி இழுத்துப் பார்த்தபின்பே புறப்பட வேண்டும். கம்பி வளைய வகையில் கோளாறு வெளிப்படையாகத் தெரியும், எடையும் குறைவு.

பனிக்காதலி_ஒஸ்லோ:

இந்த இழையைப் படித்தபின் என் பைண்டிங்கை எடுத்துப் பார்த்தேன். கம்பி வளைய வகை, பழையது வாங்கியது. வளையத்தில் வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் தொடர்ந்து பயன்படுத்தலாமா? போல்ட்டுகளில் மரைப்பசை போட வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார், எந்தப் பசை?

மலர்விழி_டாவோஸ்:

வேண்டாம், தங்கச்சி. வளையம் முறிவது உலோகச் சோர்வினால். ஒவ்வொரு திருப்பத்திலும் அது சிறிது நெளிந்து நிமிர்கிறது. வெடிப்பு பெரும்பாலும் வளைவின் உட்பக்கத்திலோ, பிடிக்குள் செருகியிருக்கும் முனையிலோ தொடங்குவதால், பைண்டிங்கைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது. முன்னர் எவ்வளவு ஓடியது என்று தெரியாத பழைய பைண்டிங்கென்றால் வளையங்கள் நான்கையும், அவற்றின் திருகுகளையும் புதிதாக மாற்றிவிட்டே பயன்படுத்துங்கள். முழு பைண்டிங்கின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. வாராவாரம் சறுக்குகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் முன்வளையத்தை மாற்றச் சொல்கிறேன், ஏனென்றால் குதிகால்பக்கத் திருப்பத்தில் அதிக இழுவை அதற்குத்தான். பூட்ஸின் விரல் முனையிலும் குதிகாலிலும் வளையம் அமரும் உதடு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அது தேய்ந்தால் புது வளையமும் சரியாகப் பிடிக்காது.

மரைப்பசையில் நீலநிற வகையே போதும். சிவப்பு நிறத்தைப் போட்டால் பிறகு கழற்றச் சூடேற்ற வேண்டிவரும், அது பலகைக்கு ஆகாது. பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள பைண்டிங்கில் நீலத்தையும் எச்சரிக்கையாகவே பயன்படுத்துங்கள், ஏனென்றால் இந்தத் திரவம் பட்டால் சில பிளாஸ்டிக்குகள் வெடித்துவிடும். போல்ட்டின் மரையில் மட்டும் ஒரு துளி வைத்து, வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். இறுக்குவதற்குக் கைத்திருப்புளி போதுமானது; நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரோ மின்துளைப்பானோ கூடாது, இன்சர்ட் மரத்தோடு சுழன்றுவிடும். முதல் நாள் மதிய உணவுக்கு இறங்கும்போது எட்டு போல்ட்டுகளையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை தளர்வது பெரும்பாலும் அந்த முதல் சில மணிநேரத்தில்தான்.